உங்களுக்குத் தெரியுமா? குடலுக்குள் முட்டை!

கொத்துக்கறியோடு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, சுத்தம் செய்த குடலுக்குள் அடைத்து, கொதிக்காத வெந்நீரில் வேகவைக்கும் சாசேஜ் ஒன்று ஸ்பெயினின் கேட்டலோனியாப் பகுதியில் உண்டு. அதன் பெயர் ‘புட்டிஃபாரா தோவ்’. பொருள்கள் நான்கைந்துதான். ஆனால் குடலும் முட்டையும் அவசரத்தைப் பொறுக்காதவை. தீயை அடக்கத் தெரிந்தவருக்கே இது கைகூடும். அதைச் சுற்றிய தகவல்கள் இதோ.

வருடத்தில் ஒரு வியாழன்
கேட்டலோனியாவில் இந்தச் சாசேஜுக்கு என்றே ஒரு நாள் இருக்கிறது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வாரத்து வியாழக்கிழமை அது. கார்னிவல் கொண்டாட்டம் அன்றுதான் ஆரம்பம். முட்டைச் சாசேஜ், ஆம்லெட், பன்றிக்கொழுப்பை உருக்கி எடுத்த பொரியல் துண்டுகள் தூவிய இனிப்பு ரொட்டி ஆகிய மூன்றும் அன்றைய சாப்பாட்டில் இருக்கும்.

முட்டை ஏன் வந்தது?
இன்று தவக்காலத்தில் பலர் கறியை மட்டும் ஒதுக்குகிறார்கள். இடைக்கால ஐரோப்பாவில் முட்டைக்கும் பாலுக்கும்கூடத் தடை இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்த நோன்பு விதியை விளக்கி எழுதியிருக்கிறார். அடுத்த நாற்பது நாளும் கறி கிடையாது, முட்டையும் கிடையாது. வீட்டில் இருந்த இரண்டையும் ஒரே உறையில் போட்டுத் தீர்த்துவிட இந்தச் சாசேஜ் நல்ல வழியாக அமைந்தது.

கோழி நோன்பு இருக்காது
மனிதர்கள் முட்டையை நிறுத்தினாலும் கோழிகள் இடுவதை நிறுத்தாது. தவக்காலம் முழுக்கச் சேர்ந்த முட்டைகள் ஈஸ்டர் வந்ததும் சமையலறைக்கு வந்தன. கேட்டலோனியாவில் ஞானத்தந்தை தன் ஞானப்பிள்ளைக்கு ஈஸ்டருக்குத் தரும் ‘மோனா’ என்ற கேக்கின் மேல் அவித்த முட்டைகளைப் பதிப்பது பழைய வழக்கம். இப்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் சாக்லேட் முட்டை பிடித்துவிட்டது. தவக்காலத்தின் ஒரு கரையில் முட்டைச் சாசேஜ், மறு கரையில் முட்டைக் கேக்!

குளிர்தான் குளிர்சாதனப் பெட்டி
நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். அதையொட்டித்தான் ஸ்பெயின் கிராமங்களில் பன்றி வெட்டும் பருவம் தொடங்கும். கறி கெடாமல் இருக்கக் குளிர்காலம் உதவியது. ஒரே நாளில் உறவும் அக்கம்பக்கமும் கூடி, கறி நறுக்கி, குடல் கழுவி, சாசேஜ் அடைத்து முடிப்பார்கள். குடல் கழுவும் பொறுப்பு வழக்கமாகப் பெண்களுடையது. கைவிரல் விறைக்கும் குளிரில் ஓடும் தண்ணீரில் செய்த வேலை அது. அந்த உழைப்பு இல்லையென்றால் சாசேஜே இல்லை.

மசாலா என்ன?
உப்பு, மிளகு. அவ்வளவுதான். பன்றியின் சதைப்பற்றுள்ள கறி, கொழுப்புக்கு வயிற்றுக்கறி அல்லது தாடைக்கறி, முட்டை, உப்பு, வெள்ளை மிளகு சேர்த்தாலே பாரம்பரியக் கலவை முடிந்தது. வெந்த சாசேஜின் இளமஞ்சள் நிறம் முட்டையிலிருந்து வருகிறது. அதே குடும்பத்தில் ரத்தம் சேர்த்த கறுப்பு வகையும், முட்டை சேராத வெள்ளை வகையும் உண்டு.

ரோமானியர் அடைத்த மஞ்சள் கரு
முட்டையைக் குடலில் அடைக்கும் யோசனை மிகப் பழையது. அபிசியஸ் என்பவரின் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு குறிப்பு இருக்கிறது. அவித்த முட்டையின் மஞ்சள் கரு ஆறு, நறுக்கிய பைன் கொட்டை, வெங்காயம், லீக் தண்டு, மிளகுத்தூள் ஆகியவற்றைக் கலந்து குடலில் அடைக்க வேண்டும். பிறகு மீன் சாறும் ஒயினும் ஊற்றி வேகவைக்க வேண்டும். அந்த மிளகு கப்பலேறி இந்தியாவிலிருந்து ரோமாபுரிக்குப் போன சரக்கு. மலபார்க் கரைத் துறைமுகங்கள் அந்த வணிகத்தின் மையமாக இருந்தன.

காவியத்தில் ஒரு சாசேஜ்
ஹோமரின் ‘ஒடிசி’யில், 20ஆம் காண்டத்தில், தூக்கம் வராமல் புரளும் நாயகனுக்குக் கவிஞர் காட்டும் உவமை என்ன தெரியுமா? கொழுப்பும் ரத்தமும் அடைத்த இரைப்பையைத் தீயின் முன் இப்படியும் அப்படியும் புரட்டிச் சுடும் மனிதன். உவமையாகச் சொன்னால் கேட்பவருக்கு உடனே புரியும் அளவுக்கு அது அன்றைய கிரேக்கர்களுக்குப் பழகிய உணவு.

சீனத்து ஆட்டுக்குடல்
6ஆம் நூற்றாண்டில் ஜியா சிஷியே எழுதிய ‘சிமின் யாவ்ஷூ’ என்ற வேளாண்மை நூல் ஆட்டுக்குடலில் கறி அடைக்கும் முறையைச் சொல்கிறது. பொடியாக நறுக்கிய ஆட்டுக்கறியோடு வெங்காயத்தாள், இஞ்சி, உப்பு, மிளகு வகை, சோயா ஊறல் சேர்த்து அடைத்துச் சுட வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் குடலைப் பார்த்தவர்களுக்கு ஒரே யோசனைதான் தோன்றியிருக்கிறது.

பிரான்ஸின் வெள்ளைச் சாசேஜ்
பிரான்ஸில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ‘பூதான் பிளான்’ என்ற வெள்ளைச் சாசேஜ் சாப்பிடுவார்கள். வடகிழக்கில் உள்ள ரெத்தேல் நகரத்து வகைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பன்றிக்கறி, பால், முட்டை ஆகியவற்றால் செய்வது அது. கலவையை இறுக்கிப் பிடிக்க ரொட்டித்தூளோ மாவோ அதில் சேர்ப்பதில்லை. அந்த வேலையை முட்டை பார்த்துக்கொள்கிறது.

காத்மாண்டுவின் நுரையீரல்
நேபாளத்தின் நேவார் மக்கள் ஒரு படி மேலே போனவர்கள். ஆட்டின் நுரையீரலுக்குள் மாவும் முட்டையும் மசாலாவும் கரைத்த கலவையை ஊற்றிக் கட்டி, அவித்து, துண்டு போட்டு வறுக்கிறார்கள். பெயர் ‘ஸ்வன் புகா’. அதே மக்கள் செய்யும் ‘சப்பு மிச்சா’ இன்னொரு கைவேலை. இரைப்பைத் துண்டைச் சிறு பையாக்கி, எலும்பு மஜ்ஜையை நிரப்பி, நூலால் கட்டி, அவித்துப் பொரிக்கிறார்கள்.

குடலில் எந்தப் படலம்?
சாசேஜ் உறை என்பது முழுக் குடல் இல்லை. குடல் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உள்ளே இருக்கும் சளிப்படலத்தையும், வெளியே இருக்கும் தசை அடுக்கையும் சுரண்டி எடுத்துவிட்டால் நடுவில் ஒரு மெல்லிய, வலுவான படலம் மிஞ்சும். அது கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. பன்றி, ஆட்டு உறைகளில் நம் பல்லுக்குக் கிடைப்பது அந்தப் படலம்தான். நாம் குழம்பு வைக்கும் ஆட்டுக்குடலில் தசை அடுக்கு அப்படியே இருப்பதால்தான் அது கனமாகவும் மெல்லுவதற்கு அழுத்தமாகவும் இருக்கிறது.

சிறிய ஆடு, நீளமான குடல்
பன்றியின் சிறுகுடல் சுமார் 15 முதல் 20 மீட்டர் நீளம். அதைவிட உடல் சிறுத்த செம்மறி ஆட்டுக்கோ சுமார் 25 மீட்டர்! புல்லைச் செரிக்க நீண்ட பாதை தேவைப்படுகிறது. உறை வணிகத்தில் மொத்தக் கட்டின் அளவு 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டர்.

எந்தக் குடல் எதற்கு?
செம்மறிக் குடலின் விட்டம் சுமார் 16 முதல் 28 மில்லிமீட்டர். மெல்லிய காலைச் சாசேஜுக்கு அது பொருந்தும். பன்றிக் குடல் 28 முதல் 44 மில்லிமீட்டர் வரை போகும். முட்டைச் சாசேஜுக்கு இதுவே வசதி. மாட்டுக் குடலில் இன்னும் பெரிய அளவுகள் கிடைக்கும், உறையும் தடிமன். மெல்லிய உறையில் சாசேஜ் வேகமாக வேகும், ஆனால் முட்டை சட்டென்று இறுகிவிடும் அபாயமும் கூடும்.

உப்புக்குள் முப்பது நாள்
கடையில் கிடைக்கும் இயற்கை உறை உப்பில் புதைந்தே வரும். கெடாமல் காப்பது ஒரு காரணம். கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோயின் வைரஸ் குடல் வழியாக நாடு விட்டு நாடு பரவாமல் தடுப்பது இன்னொரு காரணம். அதற்காகக் குறைந்தது 30 நாள் உப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மிச்சமான உறையை வீட்டிலும் கல்லுப்பில் புரட்டி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பல மாதம் தாங்கும்.

ஊற வைப்பதில் இருக்கிறது சூட்சுமம்
உப்பைக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். விறைத்துச் சுருண்டு கிடந்தது வழுவழுப்பாக நெகிழும். பிறகு ஒரு முனையை விரலால் விரித்துக் குழாயடியில் பிடித்து மெதுவாகத் தண்ணீரைத் திறந்தால், உள்ளே நீர் உருண்டு உருண்டு மறுமுனை வரை ஓடுவது கண்ணாடித் தெளிவில் தெரியும். உள்பக்க உப்பு போவது இப்படித்தான். எங்காவது ஓட்டை இருந்தால் ஊசிமுனைத் தாரையாக நீர் பீய்ச்சிக் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் வெட்டி இரண்டு துண்டாக்கிக்கொள்ளுங்கள். வெந்நீரில் மட்டும் ஊற வைக்காதீர்கள். உறை அடைப்பதற்கு முன்பே சுருங்கிவிடும்.

லேசான வாடை வந்தால்?
இயற்கை உறைக்கு மெல்லிய வாடை இருப்பது சகஜம். ஊறும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டால் குறையும், உறையும் மிருதுவாகும். கழுவிய பிறகும் அழுகல் நாற்றம் வீசினால் யோசிக்காமல் தூக்கி எறியுங்கள்.

குடல் போன இடங்கள்
ஆட்டுக்குடலின் இதே படலத்திலிருந்து திரித்த நரம்புகள்தான் பல நூற்றாண்டுகள் வயலினில் ஒலித்தன. அறுவைச் சிகிச்சையில் உடலுக்குள்ளேயே கரையும் தையல் நூலும் அதிலிருந்து வந்தது. டென்னிஸ் மட்டைக்கான குடல் நரம்பை பிரான்ஸின் லியோனைச் சேர்ந்த பபோலா நிறுவனம் 1875 முதல் செய்கிறது. மாட்டின் பெருங்குடல் தொடக்கத்தில் உள்ள பையின் வெளிப்படலம் தங்க ரேக்கு தட்டப் பயன்பட்டது. பிரம்மாண்ட ஆகாயக் கப்பல்களின் வாயுப் பைகளுக்கும் அதையே ஒட்டிச் சேர்த்தார்கள். ஒரு கப்பலுக்கு லட்சக்கணக்கில் படலங்கள் தேவைப்பட்டன.

பள்ளி ஆய்வகத்தில் சாசேஜ் உறை
உயிரியல் வகுப்பில் ஊடுபரவலை விளக்க ஒரு மெல்லிய குழாய்த் தாளில் ஸ்டார்ச் கரைசலைக் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். அது சாசேஜுக்காகப் பிறந்தது! குடலுக்கு மாற்றாக செல்லுலோஸ் உறையை 1920களில் சிகாகோவின் எர்வின் ஃபிராய்ண்ட் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருடைய விஸ்கிங் நிறுவனத்தின் பெயரிலேயே அந்தக் குழாய் ஆய்வகங்களில் இன்றும் வழங்குகிறது. பின்னாளில் சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவியின் ஆரம்பகால முயற்சிகளிலும் செல்லோஃபேன் சாசேஜ் உறை பயன்பட்டது. நெதர்லாந்தின் வில்லெம் கோல்ஃப் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை உருளையில் சுற்றி நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்.

உப்பு முதலில், முட்டை பிறகு
வீட்டளவுக்கு ஒரு கணக்கு: கொழுப்போடு சேர்ந்த கொத்துக்கறி 1 கிலோ, முட்டை 5, உப்பு 18 கிராம், வெள்ளை மிளகு 3 கிராம். முதலில் கறியில் உப்பைப் போட்டுப் பிசையுங்கள். உப்பு கறியிலிருந்து மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே இழுக்கும். உள்ளங்கையைக் கவிழ்த்தாலும் ஒட்டிக்கொண்டு விழாத பசை வந்த பிறகுதான் அடித்த முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே முட்டையை ஊற்றினால் கறி வழுக்கிக்கொண்டே இருக்கும், பசை பிடிக்காது.

மஞ்சள் கருவின் இரட்டை வேலை
மஞ்சள் கருவில் லெசித்தின் இருக்கிறது. அது கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்கும். சூடேறியதும் முட்டைப் புரதம் உறைந்து அந்தக் கலவையை அப்படியே நிறுத்தும். அதனால்தான் முட்டைச் சாசேஜை வெட்டினால் தட்டில் எண்ணெய் வடிவதில்லை, துண்டு உதிர்வதும் இல்லை.

கறி சில்லென்று இருக்கட்டும்
பிசையும்போது கையின் சூட்டிலேயே கொழுப்பு இளகும். இளகிய கொழுப்பு வேகும்போது பிரிந்து ஓடிவிடும். சென்னை வெயிலில் செய்பவர்கள் கறியையும் பாத்திரத்தையும் அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்துக்கொள்வது நல்லது. கைக்கு உறைக்கும் குளிர்ச்சி இருந்தால் சரியான பதம்.

அடைக்கும் கை
இயந்திரம் இல்லையா? அகலவாய்ப் புனல் போதும். ஈரமான உறையைக் கை நிறைய வளையல் ஏற்றுவதுபோல மெல்ல மெல்லப் புனலின் மேல் மடித்து ஏற்றுங்கள். முனையில் உடனே முடிச்சுப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, கலவை முனைக்கு வந்து எட்டிப் பார்த்த பிறகு கட்டுங்கள். ஒரு கை தள்ள, மறு கை உறையைத் தளர்த்தித் தளர்த்தி விட வேண்டும். முக்கால் பங்கு நிரம்பினால் போதும். முட்டைக் கலவை வேகும்போது உப்பும், உறையோ சுருங்கும். இரண்டுக்கும் இடம் வேண்டும்.

ஊசியால் ஒரு குத்து
ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றாக முறுக்கும்போது, முதலாவதை முன்பக்கமும் அடுத்ததைப் பின்பக்கமும் திருப்புங்கள். ஒரே பக்கம் திருப்பினால் முந்தைய முறுக்கு அவிழ்ந்துவிடும். உறைக்கு அடியில் வெள்ளையாகக் காற்றுக்குமிழி தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய ஊசியால் குத்துங்கள். முள்கரண்டி வேண்டாம். பெரிய ஓட்டை வழியே முட்டை கசிந்து தண்ணீரில் நூல்நூலாக மிதக்கும்.

எந்தச் சூட்டில் எது இறுகும்?
முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கெட்டியாகத் தொடங்கும். மஞ்சள் கரு 65இல் தடித்து 70இல் இறுகும். அடித்துக் கலந்த முழு முட்டை 73 டிகிரி வாக்கில் நிலைத்து நிற்கும். அதற்கு மேல் வெகுநேரம் போனால் புரதம் நெருங்கி நெருங்கித் தன்னுள் இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். துளை துளையாகத் தெரியும் வறண்ட சாசேஜ் அப்படி உருவாவதுதான்.

உறைக்கும் ஓர் எல்லை
உறையின் கொலாஜன் 60 டிகிரியைத் தாண்டியதும் சுருங்க ஆரம்பிக்கும். மெதுவாகச் சூடேறினால் உள்ளே இருப்பதை அணைத்தபடி சுருங்கும். கொதிநீரில் போட்டால் வெளியே உறை சடாரென்று இழுக்க, உள்ளே நீராவி முட்ட, நடுவில் வெடிக்கும். ஆகவே பாத்திரத்துத் தண்ணீர் 75 முதல் 80 டிகிரிக்குள் நிற்கட்டும். அடியில் சிறு குமிழிகள் ஒட்டியிருக்கலாம், மேலே எழக் கூடாது. முட்டைக்கும் உறைக்கும் ஏற்ற சூடு இதுவே.

வெந்ததை எப்படி அறிவது?
கண்ணை நம்ப வேண்டாம். சாசேஜின் நடுவில் சமையல் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். 71 டிகிரி காட்டினால் பச்சை முட்டையாலும் கொத்துக்கறியாலும் வரக்கூடிய சால்மோனெல்லா பயம் தீர்ந்தது. நடுத்தரப் பன்றிக் குடலில் இதற்குச் சுமார் அரை மணி நேரம் பிடிக்கும். எடுத்த உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உறை சுருக்கம் விழாமல் பளபளப்பாக நிற்கும்.

ஒரு கவிஞர் கண்டறிந்த நஞ்சு
19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில் சாசேஜ் சாப்பிட்டவர்கள் கைகால் தளர்ந்து, மூச்சு முட்டி இறந்தார்கள். அங்கே மருத்துவராக இருந்த யுஸ்டினுஸ் கெர்னர் ஊரறிந்த கவிஞரும்கூட. நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து, நஞ்சைத் தன் உடலிலேயே சோதித்து, 1820இலும் 1822இலும் நூல்கள் வெளியிட்டார். காற்றுப் புகாத இடத்தில் அந்த நஞ்சு உருவாகிறது என்று சரியாகக் கணித்தார். 1895இல் பெல்ஜியத்தில் ஒரு பன்றித்தொடை விருந்துக்குப் பின் பலர் நோயுற்றபோது, எமில் வான் எர்மென்கெம் அதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று முகச் சுருக்கம் நீக்கப் போடும் போட்டாக்ஸ் ஊசியில் இருப்பதும் அந்த நஞ்சின் மிகச் சிறு அளவுதான்.

அதனால் ஒரு கட்டுப்பாடு
முட்டைச் சாசேஜ் வேகவைத்த பண்டம், உலர்த்திப் பதப்படுத்தியது கிடையாது. சமையலறையில் தொங்கவிடுவதும், டப்பாவில் அடைத்து வெளியே வைப்பதும் ஆபத்து. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது கேளுங்கள்
‘சிக்கன் சாசேஜ்’ என்று எழுதியிருந்தாலும் உறை பன்றிக் குடலாக இருக்கலாம். பன்றியோ மாடோ சாப்பிடாதவர்கள் உறை எந்த விலங்கினுடையது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செம்மறிக் குடலில் கோழிக்கறியும் முட்டையும் அடைத்து இதே முறையில் வீட்டிலேயே செய்யலாம். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் தோலையும் சேர்த்து அரையுங்கள். நடுச்சூடு 74 டிகிரி வரட்டும்.

எப்படிச் சாப்பிடுவது?
கேட்டலோனியர் இதை ஆறவைத்து வட்ட வட்டமாக நறுக்கி ரொட்டியோடு சாப்பிடுவார்கள். தோசைக்கல்லில் லேசாகப் புரட்டியும் சாப்பிடலாம். துண்டுகளை ஆம்லெட்டில் போடுவதும் உண்டு. வெந்த பண்டத்தைப் பொரிக்கும்போது மறுபடி பெருந்தீ வைத்தால் முட்டை இறுகிவிடும், பட்ட பாடும் வீண்.

முதன்முறை செய்பவருக்கு
அரைக் கிலோ கறியில் ஆரம்பியுங்கள். அடைப்பதற்கு முன் ஒரு சிறு உருண்டையைக் கல்லில் சுட்டு உப்பும் மிளகும் சரியா என்று பாருங்கள், அடைத்த பின் திருத்த முடியாது. உறையைக் கூடுதலாகவே ஊறவையுங்கள், ஒன்றிரண்டு கிழியும். வேகும் அரை மணி நேரமும் அடுப்பை விட்டு நகராதீர்கள். தண்ணீரில் பெரிய குமிழி எழுந்த உடனே ஒரு குவளைப் பச்சைத் தண்ணீரை ஊற்றிச் சூட்டை இறக்குங்கள். இந்த ஒரு கவனம் இருந்தால் முதல் முறையிலேயே நல்ல சாசேஜ் கிடைக்கும்.